பூவேலைச் செம்புகள்: மரபும் தரமும்

நிறைகுடம் வைக்கும் செம்பில் பெரும்பாலும் பூவேலை இருப்பதில்லை. வாயில் செருகும் மாவிலையும் மேலே வைக்கும் தேங்காயுமே அதற்கு அலங்காரம். மூக்குப்பேணியும் இப்படி வழவழப்பானதுதான். கொடியும் இதழும் ஏறுவது சபைக்கு வரும் பாத்திரங்களில்: பன்னீர்ச் செம்பு, சந்தனக் கிண்ணம், வெற்றிலைத் தட்டம்.

இலங்கையில் இவ்வேலைக்குப் பெயர்பெற்ற மரபு கண்டியுடையது. பிலிமத்தலாவையில் பித்தளைத் தொழில் இன்றும் நடக்கிறது. ‘லியவெல’ என்னும் அலைக்கொடியும் ‘பலாபெத்தி’ என்னும் இதழ்வரிசையும் அம்மரபின் அடிப்படை வடிவங்கள். இவற்றை விரிவாகப் பதிவுசெய்தவர் ஆனந்த குமாரசுவாமி. இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய அவரது நூல் 1908இல் வெளிவந்தது. கண்டிக் கைவினைஞர் தோட்டத்துப் பூவைப் பார்த்து வரைவதில்லை. வழிவழி வந்த வடிவமே அவர் கையில் இருக்கிறது.

தஞ்சாவூர்த் தட்டில் புடைத்தெழுந்த வெள்ளித் தகடுகள் பித்தளை மேல் பொருத்தப்படுகின்றன. அங்கே தெய்வ உருவமே முதன்மை. பூவும் கொடியும் அதைச் சூழ்ந்து நிற்பவை. கர்நாடகத்தின் பீதரில் பெரும்பாலும் புடைப்பு இருப்பதில்லை. துத்தநாகம் மிகுந்து செம்பு சிறிது சேர்ந்த வார்ப்பைச் செதுக்கி, பள்ளத்தில் வெள்ளியைப் பதிக்கிறார்கள். பிறகு கோட்டையின் பழைய மண்ணைக் கொண்டு உலோகத்தைக் கறுக்கவைக்க, வெள்ளிப் பூ மட்டும் வெளுத்து நிற்கிறது.

மரபு எதுவானாலும், முதலில் பார்க்க வேண்டியது பூவேலை பாத்திரத்தின் வடிவத்தோடு இணங்குகிறதா என்பதே. நல்ல வேலையில் கொடி வயிற்றுப் பகுதியில் அகன்று, கழுத்தை நெருங்க ஒடுங்கும். இதழ்வரிசையின் கடைசி இதழ் முதல் இதழோடு சேரும் இடமே கடினமான இடம். தேர்ந்த கை நாலைந்து இதழுக்கு முன்பே அகலத்தைச் சிறிது கூட்டியோ குறைத்தோ வந்துவிடும். தேராத கை அங்கே அரை இதழைத் திணிக்கும். அச்சில் அழுத்திய பாத்திரத்தில் எல்லா இதழும் ஒரே அளவு, தகடும் மெல்லியது. பார்வைக்குக் குறையில்லை, ஆனால் உளி போன தடம் எங்கும் கிடையாது.

பாத்திரத்தின் உட்புறமும் பேசும். வெளியே மேடாக உள்ள இடம் உள்ளே பள்ளமாக இருந்தால், அது தகட்டை எழுப்பிச் செய்த வேலை. உள்ளே சமமாக இருந்தால் வார்த்தது அல்லது மேலே செதுக்கியது.

புளியும் சாம்பலும் போட்டு மினுக்கி வந்த செம்பில் செதுக்கல் தேய்ந்துவிடும். ஆகவே பழைய பாத்திரத்தின் தரத்தை, துலக்கும் கை அதிகம் எட்டாத கழுத்தடியிலும் பாதத்தின் மடிப்பிலும் பார்த்து மதிப்பிடுவதே முறை.