கண்டெடுத்த படச்சுருளும் அதன் தொடர்ச்சியும்: 'பிளெயர் விட்ச்' படங்கள் பற்றிய ஒரு நோக்கு

திகிற் படங்களை ஆய்வுக்குரியனவாகக் கொள்வதில் நம்மிடையே இன்றும் ஒரு தயக்கம் உண்டு. வெகுசனக் கேளிக்கை என்று அவற்றைத் தள்ளிவிடுதல் எளிது. ஆயினும் உருவத்துக்கும் உள்ளடக்கத்துக்குமுள்ள உறவு, யதார்த்தம் எதனால் ஆக்கப்படுகிறது, கலையாக்கம் சந்தைப் பண்டமாகும்போது அதற்கு நேர்வது யாது என்னும் வினாக்கள் சில வேளைகளில் இத்தகைய படங்களிலேயே மிகத் துலக்கமாக வெளிப்படுகின்றன. 1999இல் வெளிவந்த 'த பிளெயர் விட்ச் புறொஜெக்ற்' என்னும் அமெரிக்கப் படத்தையும், 2016இல் 'பிளெயர் விட்ச்' என்ற பெயரில் வந்த அதன் தொடர்ச்சியையும் ஒருங்கு வைத்து நோக்குவதற்கு இதுவே காரணம்.

மறைந்துபோனவர்கள் எடுத்த படச்சுருள் பின்னர் கண்டெடுக்கப்பட்டது என்ற பாவனையில் அமையும் உத்தி முதற்படத்துடன் தோன்றியதன்று. 1980இல் இத்தாலியரான றுஜேரோ டெயொடாட்டோ 'கனிபல் ஹொலோகோஸ்ற்' படத்தில் இதனைக் கையாண்டார். நடிகர்கள் உண்மையிலேயே கொல்லப்படவில்லை என்பதை அவர் நீதிமன்றத்தில் நிறுவவேண்டியும் வந்தது. டானியல் மைரிக், எடுவார்டோ சான்செஸ் ஆகிய இருவரும் இவ்வுத்திக்கு அளித்தது வேறொன்று: கமராவைப் பிடித்திருப்பவர் யார், ஏன் பிடித்திருக்கிறார் என்னும் வினாவையே கதையின் மையமாக்கினர். மேரிலண்ட் மாநிலத்தின் பேர்க்கிற்ஸ்வில் என்னும் சிற்றூரை அண்டிய காட்டுக்குள் ஒரு சூனியக்காரி பற்றி ஆவணப்படம் எடுக்கச் செல்லும் மூன்று மாணவரிடம் இரண்டு கருவிகள் உள்ளன. கறுப்பு வெள்ளையிற் பதியும் 16 மில்லிமீற்றர் கமரா ஆவணப்படத்துக்குரியது. வர்ண வீடியோக் கமரா அவர்களது சொந்தப் பொழுதுகளுக்குரியது. வழி தவறி, பசித்து, ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டத் தொடங்கும்போது இப்பாகுபாடு கரைந்துபோகிறது. படம்பிடிப்பதை நிறுத்தும்படி ஏனையோர் வற்புறுத்தியும் ஹெதர் நிறுத்துவதில்லை. கண்ணாடிவில்லைக்குப் பின்னால் நிற்கும்வரை தான் அகப்பட்டுள்ள நிலைமை முழு உண்மையாகாது என்ற நம்பிக்கையே அவளை இயக்குகிறது. அவள் மன்னிப்புக் கோரும் புகழ்பெற்ற காட்சியில் முகத்தின் ஒரு பகுதி சட்டகத்துக்கு வெளியே நிற்பதைக் காண்கையில், கருவி மீதான அவளது ஆட்சி முடிந்துவிட்டதை உணர்கிறோம். சூனியக்காரியோ இறுதிவரை காட்டப்படுவதில்லை. சுவரின் மூலையை நோக்கி ஒருவன் அசையாது நிற்கிறான், அவ்வளவே. ஊரவர் முன்பு கூறிய ஒரு கொலைச் செய்தியை நினைவிற் கொண்ட பார்வையாளர் மீதியைத் தாமே ஆக்கிக்கொள்வர்.

அடம் விங்கார்ட் இயக்கிய 2016ஆம் ஆண்டுப் படத்தில் ஹெதரின் தம்பி ஜேம்ஸ், இருபது ஆண்டுகளின் பின் தமக்கையைத் தேடி நண்பர்களுடன் அதே காட்டுக்குச் செல்கிறான். ஒவ்வொருவர் காதிலும் ஒரு சிறு கமரா. வானத்தில் ஆளில்லாது பறக்கும் இன்னொன்று. பார்வைகள் பெருகியுள்ளன, ஆனால் பார்ப்பவர் இல்லை. காதிற் செருகிய கமராவைப் பிடிப்பதற்கு மன உறுதி வேண்டியதில்லை, நிறுத்துவதா தொடர்வதா என்ற முரண்பாடும் அங்கு எழுவதில்லை. ஆகவே, வழக்கமான ஹொலிவூட் படத்தொகுப்பைப் போலக் கோணத்துக்குக் கோணம் தாவ முடிகிறது. முதற்படத்தில் உள்ளடக்கத்தின் தேவையாயிருந்த உருவம் இங்கு வெறும் அடையாளச் சின்னமாகிவிட்டது எனலாம். திடீர் ஓசைகளும், நீண்ட கைகால்களையுடைய உருவமும் அவ்வெற்றிடத்தை நிரப்ப அழைக்கப்படுகின்றன. மூலையை நோக்கி நிற்றலுக்குக்கூட, அவளைப் பார்த்தலாகாது என்றொரு விதி விளக்கமாகத் தரப்படுகிறது. விளக்கம் பெற்ற அச்சம் பாதி அச்சமே.

எனினும் இப்படத்தை முற்றாக ஒதுக்குவது நியாயமன்று. விடியாது நீளும் இரவு என்ற கற்பனை வலுவானது. நிலத்தடிச் சுரங்கவழியில் லீசா ஊர்ந்து செல்லும் காட்சி மூச்சை அடைக்கச் செய்வது. அதனிலும் முக்கியமானது, இறுதியில் அவள் திரும்பிப் பாராது, தன் கமராவின் துணையாற் பின்புறத்தைக் கண்டபடி பின்னோக்கி நடக்கும் கணம். அங்கு மட்டும் கமரா மீண்டும் ஒருவரது கையில், ஒரு தேவைக்காக இருக்கிறது. இதனை எண்பது நிமிடங்களுக்கு முன்னரே கண்டுகொண்டிருந்தால் வேறொரு படம் கிடைத்திருக்கும்.

இடையில் 2000இல் வந்த 'புக் ஒவ் ஷடோஸ்' பற்றியும் ஒரு சொல். ஆவணப்பட நெறியாளரான ஜோ பேர்லிஞ்சர், முதற்படத்தை உண்மையென நம்பி அவ்வூருக்குப் படையெடுக்கும் இரசிகர்களையே பொருளாகக் கொண்டார். தயாரிப்பு நிறுவனம் படத்தை மாற்றித் தொகுத்ததாக அவர் கூறியுள்ளார். அது குறைபட்ட படமே. ஆயினும் முதற்படத்தைத் திரும்பச் செய்யாது அதனை விமர்சிக்க முனைந்தது என்ற வகையில் 2016ஆம் ஆண்டுப் படத்தைவிட நேர்மையானது என்பது என் கருத்து.

முதற்படத்தின் யதார்த்தம் எவ்வாறு உற்பத்தியாயிற்று என்பது இங்கு கருதற்பாலது. 1997 ஒக்டோபரில் எட்டு நாட்கள் ஹெதர் டொனஹியூ, மைக்கல் வில்லியம்ஸ், ஜொஷுவா லெனர்ட் ஆகிய மூவரும் காட்டில் தாமே கமராவை இயக்கினர். உரையாடலைத் தாமே ஆக்கினர். நாளுக்கு நாள் குறைக்கப்பட்ட உணவை உண்டு, இரவில் இயக்குநர்கள் எழுப்பிய ஓசைகளுக்கு விழித்தெழுந்தனர். நடிப்பு, ஒளிப்பதிவு, எழுத்து எனப் பல உழைப்புகள் அவர்களுடையவை. பெயர்களும் அவர்களுடைய சொந்தப் பெயர்களே. அவர்கள் இறந்துவிட்டதாக விளம்பரம் பரப்பப்பட்டது. டொனஹியூவின் தாயாருக்கு அனுதாப அட்டைகள் வந்தன. சில பத்தாயிரம் டொலர் செலவிற் பிடிக்கப்பட்ட படம் உலகெங்கும் ஏறத்தாழ 25 கோடி டொலரை ஈட்டியது.

இரண்டாம் படத்திற் தம் பெயர்களும் உருவங்களும் பயன்படுத்தப்பட்டதை எதிர்த்து மூவரும் 2000இல் வழக்குத் தொடுத்தனர். அது பின்னர் இணக்கமாக முடிந்தது. 2016இன் கதையிலும் தேடப்படுபவள் ஹெதர் டொனஹியூ என்ற பெயருடையவளே. அப்பெயருக்குரிய நடிகை 2020இல் தம் பெயரை மாற்றிக்கொண்டார். 2024இல் மேலுமொரு பிளெயர் விட்ச் படம் அறிவிக்கப்பட்டபோது, உரிமையாளரான லயன்ஸ்கேற் நிறுவனத்துக்கு மூவரும் பகிரங்கக் கடிதம் எழுதினர். கடந்தகாலத்துக்கான ஊதியப் பங்கையும், இனித் தம் பெயரோ உருவமோ தொடர்புறும் படங்களில் தம்மைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்பதையும் அவர்கள் அதிற் கோரியிருந்தனர்.