சூரன் மயிலாக வரட்டும்!

திருச்செந்தூர் சூரசம்ஹாரத்தை நேரில் பார்த்திருக்கிறீர்களா? இல்லையென்றால் ஒருமுறையாவது போய்விட்டு வாருங்கள். கடற்கரையில் மணல் தெரியாது, தலைகள்தான் தெரியும். சூரன் யானை முகத்தோடு வருவான். சிங்க முகத்தோடு வருவான். கடைசியில் சொந்த முகத்தோடு வருவான். ஒவ்வொரு தலை விழும்போதும் லட்சக்கணக்கான தொண்டைகள் ஒன்றாக 'அரோகரா' போடும். பக்கத்தில் கடல் இருப்பதே மறந்துபோகும்.

சில வருடங்களுக்கு முன்பு அந்தக் கூட்டத்தில் நசுங்கி, ஒரு வழியாக வெளியே வந்து, பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடையில் உட்கார்ந்தேன். பக்கத்து பெஞ்சில் இரண்டு பேர். ஒருவர் ஐம்பதைத் தாண்டிய அண்ணாச்சி. இன்னொருவர் இளைஞர். காரசாரமான வாக்குவாதம்.

"யோசிச்சுச் சொல்லுங்க அண்ணாச்சி. அவனை விட்டா நமக்கு வேற கோலி கிடையாது."

"கோலி இல்லைன்னா தோத்துட்டுப் போவோம். உள்ள போயிட்டு வந்தவனை எப்படி நிப்பாட்டச் சொல்லுத? செத்தவரு வீடு கிரவுண்டுக்கு எதுத்தாப்லதான இருக்கு?"

பத்திரிகைக்காரனுக்குக் காதைப் பொத்திக்கொள்ளத் தெரியாது. மெதுவாகத் தலையை நுழைத்தேன். விஷயம் இதுதான். பக்கத்தில் ஒரு கடற்கரை கிராமம். கோயில் திருவிழாவையொட்டி ஃபுட்பால் டோர்னமென்ட். ஊர் டீமின் கோல்கீப்பர் குடித்துவிட்டு பைக் ஓட்டி, சொந்த ஊர்ப் பெரியவர் ஒருவரை மோதிக் கொன்றவன். கேஸ் நடந்து, தண்டனையாகி, பாளையங்கோட்டை ஜெயிலில் இருந்துவிட்டு வந்திருக்கிறான். அவன் மறுபடி கோல்போஸ்ட்டில் நிற்கலாமா, கூடாதா?

"நீங்க படிச்சவங்க, சொல்லுங்க சார்" என்றார் அண்ணாச்சி. நான் படித்தது பி.காம். அதில் இதற்குப் பதில் இல்லை. டீயைக் குடித்துவிட்டு மழுப்பினேன். அன்றைக்குச் சொல்லாததைத்தான் இன்றைக்கு உங்களிடம் சொல்லப் பார்க்கிறேன்.

இந்தக் கேள்வி இங்கிலாந்தில் பலமுறை வந்திருக்கிறது. லூக் மெக்கார்மிக் என்று ஒருவர். அவரும் கோல்கீப்பர்தான், பிளைமவுத் அணிக்கு. 2008 ஜூனில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு, போதையோடு காரோட்டி வந்தார். நெடுஞ்சாலையில் மோதியதில் இன்னொரு காரில் இருந்த இரண்டு சிறுவர்கள் இறந்துபோனார்கள். அண்ணனுக்கு வயது 10, தம்பிக்கு 8. ஏழு வருடம் நாலு மாதம் தண்டனை. 2012-ல் வெளியே வந்தார். 2013-ல் அதே பிளைமவுத் அணி அவரைத் திரும்ப எடுத்துக்கொண்டது. பின்னாளில் கேப்டனாகவும் ஆக்கியது. இன்னொருவர் லீ ஹ்யூஸ். 2003-ல் காரோட்டி ஒரு உயிரைப் பறித்துவிட்டு, நிற்காமல் ஓடியவர். ஆறு வருடம் தண்டனையாகி, பாதியை அனுபவித்துவிட்டு 2007-ல் வந்தார். உடனே ஓல்டம் கிளப் கூப்பிட்டு வேலை கொடுத்தது.

'நம்ம ஊரில் இப்படி நடக்குமா?' என்று கேட்பீர்கள். நம் ஊரில் இந்தக் கேள்வியே எழுவதில்லை. தீர்ப்பு வருவதற்குள் ஆட்டக்காரர் ரிட்டயர் ஆகிவிடுவார்!

நவ்ஜோத் சிங் சித்துவை எடுத்துக்கொள்ளுங்கள். 1988 டிசம்பர் 27. பாட்டியாலாவில் நடுரோட்டில் கார் நின்றது தொடர்பாகத் தகராறு. 65 வயதுப் பெரியவர் ஒருவர் தாக்கப்பட்டு இறந்தார். 1999 செப்டம்பரில் விசாரணை நீதிமன்றம் சித்துவை விடுவித்தது. அந்த வருடக் கடைசியில் அவர் கிரிக்கெட்டிலிருந்து ஓய்வு பெற்றார். 2006 டிசம்பரில் பஞ்சாப்-ஹரியானா ஹைகோர்ட் மூன்று வருடம் தண்டனை கொடுத்தது. அடுத்த மாதமே சுப்ரீம் கோர்ட் அதை நிறுத்திவைக்க, அமிர்தசரஸில் நின்று ஜெயித்து மறுபடி எம்.பி. ஆனார். 2018-ல் சுப்ரீம் கோர்ட், 'காயப்படுத்திய குற்றம் மட்டும்தான்' என்று ஆயிரம் ரூபாய் அபராதம் போட்டது. 2022 மே மாதம் மறுசீராய்வில் அதுவே ஒரு வருடக் கடுங்காவல் ஆனது. 2023 ஏப்ரல் 1-ம் தேதி வெளியே வந்தார். 2024 ஐ.பி.எல்-லில் மைக் பிடித்து, பழையபடி ஷேரோ ஷாயரியோடு கமென்ட்ரிக்கு வந்துவிட்டார்.

1988 முதல் 1999 வரை அவர் ஆடியது தவறு என்று நான் சொல்லவில்லை. தீர்ப்பு வரும்வரை எவரும் நிரபராதிதான். நான் சொல்வது கணக்கு. சம்பவத்துக்கும் கடைசித் தீர்ப்புக்கும் நடுவே முப்பத்து மூன்று வருடம். அதற்குள் ஒரு மனிதர் டெஸ்ட் ஆடி, ரிட்டயர் ஆகி, எம்.பி. ஆகி, டி.வி.யில் சிரித்து முடித்துவிட்டார். இறந்தவர் வீட்டில் மட்டும் ஃபைலை மூடவே முடியவில்லை.

இப்போது ஸ்ரீசாந்த் கதைக்கு வாருங்கள். 2013 மே மாதம் ஐ.பி.எல். ஸ்பாட் ஃபிக்சிங்கில் கைதானார். அதே வருடம் கிரிக்கெட் வாரியம் ஆயுள் தடை விதித்தது. 2015-ல் டெல்லி கோர்ட் அவரை கிரிமினல் வழக்கிலிருந்து விடுவித்தது. வாரியம் அசையவில்லை. 2019-ல் சுப்ரீம் கோர்ட் தலையிட்டு, 'தண்டனை அளவை மறுபடி யோசியுங்கள்' என்ற பிறகுதான் அது ஏழு வருடமாகக் குறைந்தது. 2021-ல் கேரளாவுக்காகத் திரும்ப பந்து வீசும்போது அவருக்கு வயது 37. அடுத்த வருடமே ஓய்வு.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆட்டத்துக்கு துரோகம் செய்தான் என்று பட்டால், கோர்ட்டே விட்டாலும் விளையாட்டு உலகம் விடாது. ஆட்டத்துக்கு வெளியே ஒரு குடும்பத்துக்குக் கேடு செய்தால், 'அது அவரோட சொந்த விஷயம்' என்று திரும்பிக்கொள்ளும். ஃபிக்சிங்குக்கு ஆயுள் தண்டனை, உயிருக்கு ஆயிரம் ரூபாய் என்று நக்கலாகச் சொல்லிவிடலாம். ஆனால் அது முழு நியாயம் ஆகாது. தடை போட்டது வாரியம், அபராதம் போட்டது கோர்ட். இரண்டும் வேறு வேறு கடை. என் கேள்வி வாரியத்திடம்தான். உங்கள் கடையின் நாணயத்துக்கு இத்தனை காவல் போடுகிறீர்களே, வெளியே விழுந்தவரைப் பற்றி உங்கள் விதிப் புத்தகத்தில் ஒரு பக்கமாவது வேண்டாமா?

சரி, அப்படியானால் திரும்ப விடவே கூடாதா? இங்கேதான் நான் கட்சி மாறுகிறேன்.

ஜெயிலிலிருந்து வந்த கொத்தனார் திரும்பக் கரண்டி பிடித்தால் நாம் ஆட்சேபிக்கிறோமா? டிரைவர், சமையல்காரர், பெட்டிக்கடைக்காரர்? தண்டனையை முடித்து வந்தவனுக்கு அவனுக்குத் தெரிந்த தொழிலைக் கொடுக்காவிட்டால், தெரியாத தொழிலுக்குப் போவான். அது எந்தத் தொழில் என்று உங்களுக்கும் தெரியும், போலீஸுக்கும் தெரியும். ஆட்டக்காரனின் தொழில் ஆட்டம். முப்பத்தைந்து வயதில் முடிந்துபோகிற தொழில். கோர்ட் மூன்று வருடம் என்று சொன்னால் மூன்று வருடம்தான். அதை ஆயுள் தண்டனை ஆக்க நீங்களும் நானும் ஜட்ஜ் இல்லை.

தவிர, தீர்ப்பும் மாறும். செட் எவன்ஸ் என்ற கால்பந்து வீரருக்கு 2012-ல் பாலியல் வன்கொடுமை வழக்கில் ஐந்து வருடம் தண்டனை. 2014-ல் வெளியே வந்ததும் பழைய கிளப்பான ஷெஃபீல்ட் யுனைடெட் பயிற்சிக்குக் கூப்பிட்டது. ஒன்றரை லட்சம் பேருக்கு மேல் எதிர்த்துக் கையெழுத்துப் போட்டார்கள். ஒலிம்பிக் தங்க மங்கை ஜெசிகா என்னிஸ், 'அவரை எடுத்தால் ஸ்டேடியத்திலிருந்து என் பெயரை எடுத்துவிடுங்கள்' என்றார். கிளப் பின்வாங்கியது. 2016-ல் அந்தத் தீர்ப்பே ரத்தாகி, மறுவிசாரணையில் அவர் விடுதலை ஆனார். இதையும் மறக்கக்கூடாது. ஆனால் இன்னொன்றையும் மறக்கக்கூடாது. புகார் கொடுத்த பெண்ணின் பெயரை இணையத்தில் போட்டுத் திட்டித் தீர்த்தார்கள் ரசிகர்கள். அதற்காக ஒன்பது பேரை நஷ்டஈடு கட்ட வைத்தது நீதிமன்றம். ஊரை விட்டே போக வேண்டியதானது அந்தப் பெண்தான். நட்சத்திரத்தின் மேல் நாம் வைக்கிற காதல், எதிரே நிற்பவர்மேல் கல்லாக விழுகிறது.

கொத்தனாருக்கும் ஆட்டக்காரனுக்கும் வித்தியாசம் இங்கேதான். கொத்தனாருக்குக் கூலி மட்டும். ஆட்டக்காரனுக்கு இரண்டு கூலி. ஒன்று சம்பளம், இன்னொன்று கைதட்டல். முதல் கூலி அவன் உழைப்புக்கு உரியது, அதைத் தடுக்க நமக்கு உரிமை இல்லை. இரண்டாவது நாம் கொடுப்பது. அதை யாருக்கு எவ்வளவு என்று முடிவு செய்கிற உரிமை நமக்கு உண்டு.

என் பி.காம் இப்போதுதான் உதவிக்கு வருகிறது. வங்கியில் வாராக்கடனை ஏட்டிலிருந்து நீக்குவார்கள். அதனால் கடன் தள்ளுபடி ஆகிவிட்டது என்று அர்த்தமில்லை. ஏட்டில் இருக்காது, ஆனால் வாங்கியவன் கட்டியாக வேண்டும். ஜெயில் தண்டனையும் அப்படித்தான். அது முடிந்தால் அரசாங்கத்தின் ஏட்டில் கணக்கு முடிந்தது. இறந்தவர் வீட்டு ஏட்டில் முடியவில்லை. அதை முடிக்க அவர்களால் மட்டும்தான் முடியும்.

எனவே என் சிற்றறிவுக்கு எட்டிய விதிகள் இவை. தண்டனை முழுசாக முடியட்டும். செய்தது தப்பு என்று வாயால் சொல்லட்டும், வக்கீல் மூலமாக அல்ல. குழந்தைகளிடமோ பெண்களிடமோ அத்துமீறியவனுக்கு, அவர்கள்மேல் அதிகாரம் தரும் கோச் பதவி எந்தக் காலத்திலும் வேண்டாம். அப்புறம், ஆட்டம் உண்டு, அலங்காரம் கிடையாது. கேப்டன் பட்டம், விளம்பரம், பள்ளிக்கூட ஆண்டு விழாவில் சிறப்பு விருந்தினர்... இதெல்லாம் சம்பளம் இல்லை, மரியாதை. மரியாதையைக் கோர்ட் ரிலீஸ் ஆர்டரோடு சேர்த்துக் கொடுக்காது.

டீக்கடைக் கதையை முடிக்கவில்லையே? அண்ணாச்சியின் நம்பரை வாங்கி வைத்திருந்தேன். மூன்று மாதம் கழித்து போன் பண்ணினேன். அந்தப் பையனைக் கூட்டிக்கொண்டு அண்ணாச்சியே இறந்தவர் வீட்டுக்குப் போயிருக்கிறார். பையன் வாசலிலேயே நின்று அழுதிருக்கிறான். பெரியவரின் மகன் ரொம்ப நேரம் பேசவில்லையாம். அப்புறம் சொன்னாராம்:

"அவன் பந்தைப் புடிச்சா ஊரே கை தட்டும். அந்தச் சத்தம் எங்க வீட்டுக்குள்ளயும் கேக்கும்லா? ஆடட்டும் அண்ணாச்சி. பொழைக்க வேண்டிய பயதான். ஆனா மாலை மட்டும் போட்ராதீங்க."

டீம் அந்த வருடம் கப் வாங்கியது. ஊர்வலத்தில் எல்லோர் கழுத்திலும் மாலை. கோல்கீப்பர் மட்டும் வெறும் கழுத்தோடு, கடைசி ஆளாக, தலையைக் குனிந்தபடி நடந்து வந்தானாம்.

திருச்செந்தூர்க் கதையும் அதைத்தான் சொல்கிறது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. கடைசியில் மாமரமாக நின்ற சூரனை முருகன் அழித்துவிடவில்லை. இரண்டாகப் பிளந்து, மயிலாகவும் சேவலாகவும் ஆக்கிப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டான். அதைவிடப் பெரிய மன்னிப்பு உண்டா? ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். சூரன் திரும்ப வந்தது சுமக்கிறவனாக, ராஜாவாக இல்லை.