ஏணிக்கு முன்னும் பின்னும்

விவிலியத்தை ஜெபத்தோடு தியானித்துப் படிப்பது பற்றிய எந்தக் கையேட்டைப் புரட்டினாலும் நான்கு படிகள் வந்து நிற்கும்: வாசித்தல், தியானித்தல், மன்றாடுதல், இறைப்பிரசன்னத்தில் லயித்தல். லெக்சியோ திவினா எனப்படும் இந்த வாசிப்பு என்றாலே இந்த நான்கும்தான் என்று தியான முகாம்களிலும் சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள். இந்த ஏணியைக் கட்டிக் கொடுத்தவர் 12ஆம் நூற்றாண்டில் பிரான்சின் மலைப்பகுதியில், கிராந்த் ஷார்த்ரூஸ் மடத்துக்குத் தலைவராயிருந்த இரண்டாம் குய்கோ. அவருக்கு ஏறத்தாழ ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்பே புனித ஆசீர்வாதப்பர் (பெனடிக்ட்) இந்த வாசிப்பைத் துறவியரின் அன்றாட வேலையாக்கியிருந்தார். அவர் படி எதையும் வகுக்கவில்லை.

அவருடைய ஒழுங்குநூலின் 48ஆம் அதிகாரத்தைப் படித்தால் அந்த வாசிப்பின் வாசனை தெரியும். தவக்காலத்தில் துறவி ஒவ்வொருவருக்கும் நூலகத்திலிருந்து ஒரு ஏடு தரப்படும். நடுவில் தாவாமல் முதலிலிருந்து கடைசிவரை அதைப் படித்தாக வேண்டும். வாசிப்பு நேரத்தில் மூத்தவர் ஓரிருவர் சுற்றிவந்து, யாராவது அரட்டையில் உட்கார்ந்திருக்கிறார்களா என்று பார்ப்பார்கள். பகல் ஓய்வின்போது படிக்க விரும்புகிறவர் பக்கத்தில் படுத்திருப்பவருக்குத் தொந்தரவில்லாமல் படிக்கட்டும் என்றும் ஒரு விதி. வாய்விட்டுப் படிப்பதுதான் வழக்கம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

இந்த உலகத்தை இன்றைய வாசகருக்குத் திறந்துவிட்டவர் பெனடிக்டைன் துறவியான ழான் லெக்ளர்க். மடத்துக் கல்வியையும் கடவுள் ஏக்கத்தையும் இணைத்து 1957இல் அவர் எழுதிய பிரெஞ்சு நூலை இந்தத் துறையின் தலைவாசல் என்றே சொல்லலாம். அவர் காட்டியபடி, பள்ளி இறையியலார் கேள்வி எழுப்பி வாதிட்டார்கள். மடத்தாரோ வாயால் ஓதி, காதால் கேட்டு, நினைவில் ஊறவைத்தார்கள். ஒரு சொல்லைக் கேட்டதும் விவிலியத்தின் வேறெங்கோ இருக்கும் அதே சொல் தானாக எழுந்து வரும். மேரி கருதர்ஸ் 1990இல் வெளியிட்ட நூல் இடைக்கால நினைவாற்றலை ஒரு கைத்தொழிலைப் போலவே பிரித்துக் காட்டியது. அவருடைய அக்கறை ஜெபத்தில் இல்லை. ஆனாலும் லெக்ளர்க் சொன்னது எப்படி நடந்திருக்கும் என்பது அதைப் படித்த பிறகே எனக்கு விளங்கிற்று.

இந்த வெளிச்சத்தில் குய்கோவைத் திரும்பப் படிக்க வேண்டும். தூய உள்ளத்தோர் கடவுளைக் காண்பார்கள் என்ற மத்தேயு நற்செய்தியின் வசனத்தை ஒரு திராட்சைப் பழமாக எடுத்து வாயில் போட்டுக்கொள்கிறார். உடல் தூய்மை என்று சொல்லாமல் உள்ளம் என்று ஏன் சொன்னது என்று முதலில் கேட்கிறார். உடனே ஆண்டவரின் மலையில் ஏறத் தகுந்தவர் யார் என்னும் திருப்பாடல் வருகிறது. பின்னாலேயே தூய உள்ளத்தைப் படைத்துத் தரும்படி கெஞ்சும் இன்னொரு திருப்பாடல். அதன் பிறகு, தன் கண்களோடு உடன்படிக்கை செய்துகொண்ட யோபு. இத்தனையும் இரண்டாம் படியில்தான் நடக்கிறது. இது ஆராய்ச்சி; விவிலியச் சொல்லடைவு மட்டும் ஏட்டில் இல்லாமல் தலைக்குள் இருக்கிறது. வாசிப்பில்லாத தியானம் தடம் புரளும் என்று குய்கோவே எச்சரிக்கவும் செய்கிறார்.

இன்றைய கையேடுகள் கோட்டைவிடுவது இங்கேதான். உங்களைத் தொட்ட ஒரு சொல்லில் தங்குங்கள் என்கின்றன. நினைவில் நூறு வசனமாவது இல்லாதவருக்கு அந்தச் சொல்லிலிருந்து போக வேறு இடமில்லை; அன்றைய மனநிலைக்குள்ளேயே சுற்றிச்சுற்றி வரவேண்டியதுதான்.

சீர்திருத்தச் சபைகளின் பக்கம் கதை வேறு. லூத்தர் 1535இல் தம் சவரத்தொழிலாளி நண்பர் பீட்டருக்கு ஜெபிக்கும் வழியை எழுதிக்கொடுத்தபோது, பத்துக் கட்டளைகளில் ஒவ்வொன்றையும் பாடமாக, நன்றியாக, பாவ அறிக்கையாக, மன்றாட்டாக எடுத்துக்கொள்ளச் சொன்னார். பாடம்தான் முதலில். ஜெர்மன் இறையியலாளர் போன்ஹோஃபர் 1935 முதல் 1937 வரை ஃபிங்கன்வால்டே குருமடத்தில் ஒரே சிறு பகுதியை வாரம் முழுக்கக் காலைதோறும் அரைமணி நேரம் தியானிக்க வைத்தார். பிரசங்கத்துக்குக் குறிப்பெடுக்கும் வேலை அதில் கூடாது. மடத்து வாடை வீசுகிறதே என்று இறையியலாளர் கார்ல் பார்த் கடிதத்தில் முகம் சுளித்தார்.

கத்தோலிக்கரிடம் இந்த வாசிப்பு மடத்துச் சுவரைத் தாண்டி எல்லாருக்குமானது 1965இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் இறைவெளிப்பாடு பற்றிய ஏட்டுக்குப் பிறகு. மிலான் பேராயராயிருந்த கார்லோ மரியா மார்த்தீனி விவிலிய மூலபாட ஆய்வில் பேரறிஞர். அவரே பேராலயத்தில் இளைஞரைக் கூட்டி இப்படிப் படிக்கக் கற்றுக்கொடுத்தார். ஆய்வும் ஜெபமும் ஒன்றையொன்று கெடுக்கும் என்பவர்களுக்கு அவர் ஒருவரே போதுமான பதில். பிரேசிலில் துறவி கார்லோஸ் மெஸ்தெர்ஸ் ஏழை மக்களின் வட்டங்களில் உட்கார்ந்தபோது, வசனத்துக்கு மறுமொழியாக எழுந்தது இன்னொரு வசனம் மட்டுமல்ல. நிலத்தகராறும் கூலியும் சேர்ந்து எழுந்தன.

நம் ஊரில் குளித்தலைக்குப் பக்கத்தில் தண்ணீர்ப்பள்ளியில் சாந்திவனம் ஆசிரமத்தை 1950இல் பிரெஞ்சுக் குருக்களான மொன்ஷனேனும் லெ சோவும் தொடங்கினார்கள். 1968இல் ஆங்கிலேயத் துறவி பீட் கிரிஃபித்ஸ் அங்கே வந்தார். அங்கத்திய வழிபாட்டில் விவிலியத்தோடு உபநிடதமும் ஓதப்படும். மடத்துத் தியானம் நினைவில் ஊறியதிலிருந்து எழுவது என்றால், அங்கே எழுவதில் உபநிடத வரிகளும் இருந்தே தீரும். பீட் கிரிஃபித்ஸ் கீதைக்கு எழுதிய கிறிஸ்தவ உரை, 1987இல் வந்தது, அப்படி எழுந்ததுதான். திருச்சபையில் அதை ஏற்காதவர்கள் உண்டு. அவர்கள் சண்டைபோட வேண்டியது கிரிஃபித்ஸோடு அல்ல, லெக்ளர்க்கோடு.