வளனும் மத்தேயுவின் சூசையும்

தேம்பாவணியை நாம் போற்றக் காரணங்கள் பல. 36 படலங்கள், 3615 பாடல்கள். பாட்டுடைத் தலைவரோ நற்செய்தி ஏடுகளில் ஒரு சொல்லேனும் பேசாத புனித சூசையப்பர். யோசேப்பு என்னும் எபிரேயப் பெயரின் பொருளை உணர்ந்து 'வளன்' என்று தமிழாக்கிய நுண்மை ஒன்றுக்காகவே வீரமாமுனிவரின் புலமைக்குத் தலைவணங்கலாம்.

ஆயினும் தாழ்ச்சி என்னும் புண்ணியத்தை அக்காப்பியம் எங்ஙனம் காட்டுகின்றது என்று நோக்குங்கால் சிறிது மனக்குறை எழுகின்றது. காப்பிய மரபு நாட்டுப் படலத்தையும் நகரப் படலத்தையும் வேண்டுகின்றது. தன்னேரில்லாத் தலைவனை வேண்டுகின்றது. தச்சரான வளன் இறுதியில் விண்ணக முடி பெறுகின்றார். அம்முடியோடு நமக்கு வழக்கில்லை. எகிப்துக்குத் தப்பிச் செல்லும் பகுதியில்தான் நாம் தயங்கி நிற்கின்றோம். வழிநெடுக யோசுவாவின் வெற்றி முதலிய பழைய வரலாறுகள் விரிகின்றன, வருணனை வளர்கின்றது. உயிருக்கு அஞ்சி ஓடுகிறவரின் பதைப்பு அந்தச் செந்தமிழ் வெள்ளத்தில் கரைந்துவிடுகின்றது.

மத்தேயுவோ ஓரிரு வரிகளில் முடித்துவிடுகின்றார். சூசை எழுந்தார், இரவோடு இரவாகப் பிள்ளையையும் தாயையும் அழைத்துக்கொண்டு புறப்பட்டார்.

காத்திவாக்கத்து வாசகர் இதற்கு உரை தேட வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தபோது, மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருட்டில் ஓடினர். மூச்சுத் திணறிப் பலர் மருத்துவமனை சேர்ந்தனர். மாசில்லாக் குழந்தைகள் திருநாளுக்கு இரண்டே நாள் இருந்தது. அதே மாதத்தில்தான் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் கொசஸ்தலையாற்றுக் கழிமுகத்தில் படகையும் வலையையும் பாழாக்கியிருந்தது.

இத்தகைய ஊரில் 'ஆண்டவரிடம் ஒப்படைத்துவிட்டுப் பொறுத்திரு' என்று சொல்வது எளிது. அதற்குச் சூசையப்பரைச் சான்று காட்டுவது மட்டும் பொருந்தாது. ஏரோது மனம் மாறட்டும் என்று அவர் காத்திருக்கவில்லை. திரும்பி வருகையிலும், யூதேயாவை அர்க்கெலா ஆள்வதைக் கேள்வியுற்று அஞ்சினார். கனவில் எச்சரிக்கை பெற்றுக் கலிலேயாவுக்குத் திரும்பினார். அச்சத்துக்கும் விவேகத்துக்கும் இடமளிக்கும் சரணாகதி அது. வழி சொன்னவர் வானதூதர். நடந்த கால்கள் சூசையப்பருடையவை.

தவக்காலத்திலோ மார்ச் மாதத்திலோ தேம்பாவணியைப் பங்குகளில் வாசிக்க முனைவோர் முடிசூட்டுப் படலத்தை மட்டும் எடுத்துக்கொள்ள வேண்டா. பைதிரம் நீங்கு படலத்தையும் படிக்கட்டும், மத்தேயுவின் இரண்டாம் அதிகாரத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு.