மோஷன் டெஸ்ட் யாருக்காக?

மும்பையில் மழை பிடித்துக்கொண்டால் தாராவியிலிருந்தும் மாட்டுங்கா லேபர் கேம்பிலிருந்தும் வயிற்றுப்போக்கோடு வரும் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் சயான் மருத்துவமனைதான் கதி. கண் குழிந்து, நாக்கு உலர்ந்து, அழுதால் கண்ணீர் வராத குழந்தைக்கு மருத்துவர் முதலில் செய்வது இழந்த நீரை ஈடுகட்டுவதுதான். தாய்க்கோ வேறு கவலை: “டாக்டர், மோஷன் டெஸ்ட் எடுக்கலையா?”

இந்த மலப் பரிசோதனையை எல்லாக் குழந்தைக்கும் எடுக்கத் தேவையில்லை என்பதே என் கருத்து. மலத்திலுள்ள கிருமியைத் தட்டில் வளர்த்துப் பார்க்கும் கல்ச்சரின் முடிவு வர இரண்டு மூன்று நாளாகும். பல குழந்தைகள் அதற்குள் ஓஆர்எஸ், துத்தநாக மருந்தோடு வீடு திரும்பிவிடும். வைரஸ் கல்ச்சர் தட்டில் வளரவே வளராது. ரோட்டா வைரஸ் மெல்போர்னில் கண்டறியப்பட்டது 1973இல். 2005இல் தொடங்கிய இந்தியக் கண்காணிப்பு வலையம், வயிற்றுப்போக்கால் மருத்துவமனையில் சேர்ந்த ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு நாற்பது பேர் வரை அந்த வைரஸால் படுத்தவர்கள் என்று காட்டியது. அவர்களுக்கு ஆன்டிபயாடிக் வீண்.

கல்ச்சரின் பெரிய குறை ஈ.கோலை விஷயத்தில் இருக்கிறது. நலமான குடலிலும் அது வாழ்கிறது; நோய் தரும் வகையும் தராத வகையும் தட்டில் ஒன்றுபோலவே தெரியும். அப்படியிருக்க, ‘ஈ.கோலை வளர்ந்தது’ என்று எழுதி, கீழே மருந்துப் பட்டியலும் சேர்த்துத் தரும் பரிசோதனைக் கூடங்கள் உண்டு. அந்தத் தாளைப் பார்த்துக் குழந்தைக்கு ஊசி போடுவது தவறு. இரத்தபேதி தரும் ஷிகெல்லாவின் கதை இதற்கு நேர் எதிர். மாதிரி இரண்டு மணி நேரம் மேசையில் கிடந்தாலே அது செத்துப்போகலாம். ‘ஒன்றும் வளரவில்லை’ என்று முடிவு வரும்.

கிருமியின் மரபணுவைத் தேடும் பிசிஆர் இந்தக் குறையைத் தீர்க்கிறதா? பாதிதான். கொல்கத்தா உட்பட ஏழு இடங்களில் 2007 முதல் 2011 வரை குழந்தைகளின் வயிற்றுப்போக்குக்குக் காரணம் தேடி நடந்த ஜெம்ஸ் ஆய்வின் மாதிரிகளை அளவறியும் பிசிஆரில் மறுபடி சோதித்து 2016இல் வெளியிட்டார்கள். பழைய முறைகளில் பாதியளவு நோய்க்கே தெரிந்த காரணம், பத்தில் ஒன்பது அளவுக்குத் தெரியவந்தது. ஆனால் அந்த ஆய்வில் நலமான குழந்தைகளின் மலத்தையும் ஒப்பிட்டார்கள். அதிலும் கிருமிகள் இருந்தன. சாக்கடையை ஒட்டிக் குடிநீர்க் குழாய் ஓடும் சந்தில் வளரும் குழந்தைக்குப் பிசிஆரில் நாலு கிருமி தெரிந்தால், எது குற்றவாளி என்று அளவைப் பார்க்காமல் சொல்ல முடியாது.

பரிசோதனையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மலத்தில் இரத்தம், காலரா சந்தேகம், கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு, பதினான்கு நாளாகியும் நிற்காத பேதி: இவற்றில் பரிசோதனை கட்டாயம். கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணிக்குத் தனிச் சாயம் போட வேண்டும். மருத்துவர் கேட்டு எழுதாவிட்டால் வழக்கமான சோதனையில் அது தப்பிவிடும். ஷிகெல்லா எந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று இன்றும் கல்ச்சர்தான் சொல்கிறது. 1992இல் சென்னையில் ஓ139 என்ற புதிய காலரா பிடிபட்டதற்குக் காரணம், வழக்கமான காலரா சீரத்தோடு ஒட்டாத விப்ரியோ கிருமியை ஆய்வுக்கூடம் ஒதுக்காததுதான்.

பரிசோதனையின் மிகப் பெரிய பலன் பெரும்பாலும் படுத்திருக்கும் குழந்தைக்குப் போய்ச் சேர்வதில்லை. ரோட்டா கணக்கெடுப்பால் பயனடைந்தவர்கள் பின்னால் பிறந்தவர்கள். 2016இல் நான்கு மாநிலங்களில் தொடங்கிய ரோட்டா தடுப்பு மருந்து, 2019இல் நாடு முழுவதும் பரவியது.

மும்பை மாநகராட்சியின் மழைக்கால அறிக்கையில் மலேரியா, டெங்கு, லெப்டோ என்று நோய்கள் தனித்தனியே வரும். வயிற்றுப்போக்கு மட்டும் ‘காஸ்ட்ரோ’ என்ற ஒரே தலைப்பில் அடங்கிவிடும். சயான் மருத்துவமனையை நடத்துவதும் தாராவிக்குக் குழாயில் தண்ணீர் விடுவதும் அதே மாநகராட்சிதான். வார்டில் சேரும் குழந்தைகளில் ஒரு பகுதியினரிடமாவது ஆண்டு முழுவதும் முறையாக மாதிரி எடுத்து, கிருமியின் பெயரையும் குழந்தையின் வட்டாரத்தையும் சேர்த்து அது வெளியிட வேண்டும். ஒரே சந்திலிருந்து இரண்டு குழந்தைகளுக்குக் காலரா என்றால், அந்தத் தகவல் அன்றைக்கே குடிநீர்ப் பொறியாளர் கைக்குப் போக வேண்டும்.