உம் கொட்ட இடமில்லாத கதை

கோவில்பட்டியில் ஒரு சிநேகிதர் வீட்டில் அன்று மாலை உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஐந்து வயது. அதன் தாயார் தீப்பெட்டி ஆபீஸிலிருந்து திரும்பும் வரையில் சிநேகிதரின் மனைவி செல்போனில் ஒரு நரிக்கதையை வைத்துக் கொடுத்திருந்தார். பாட்காஸ்ட் என்கிறார்களே, அந்தச் சமாசாரம். சொன்ன அம்மாளுக்கு நல்ல குரல், உச்சரிப்பில் குற்றமில்லை. குழந்தை இரண்டு தடவை "உம்" கொட்டிப் பார்த்தது. பிறகு வாயை மூடிக்கொண்டது. கதை பாட்டுக்கு ஓடியது.

கரிசல் காட்டில் கதை சொல்கிறவர், உம் சத்தம் நின்றால் தாமும் நிறுத்திவிடுவார். "தூங்கிட்டியா?" என்று கேட்பார். அப்படிப்பட்ட வாய்க் கதைகளைத்தான் இடைசெவல் கி. ராஜநாராயணன் தேடித் திரட்டி அச்சேற்றினார். பேச்சைத் திருத்தாமல் ஏற்றியதே அவர் செய்த பெரிய காரியம். 1982-ல் கரிசல் சொற்களுக்கு அகராதியே போட்டார். பள்ளிப் படிப்பு அதிகமில்லாதவர். காதால் வாங்கிய பாஷை ஒரு மனிதனை எழுத்தில் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு அவரைவிட வேறு சாட்சி எனக்கு வேண்டாம்.

ஆகவே, கதை கேட்டால் படிப்பு வருமா என்றால், வரும் என்கிற கட்சி நான். நம் குழந்தை வாயால் 'வந்துக்கிட்டிருக்கான்' என்கிறது; புத்தகமோ 'வந்துகொண்டிருக்கிறான்' என்கிறது. எழுத்துக் கூட்டி முடித்த பிறகும் அந்தச் சொல் அதற்கு அந்நியமாகவே நிற்கிறது. முன்பே காதில் விழுந்திருந்தால் சட்டென்று பிடித்துக்கொள்ளும். இந்த உபகாரத்தைப் பாட்காஸ்ட் செய்கிறது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் 'க' எப்படி இருக்கும் என்று காது சொல்லாது. பிரிஜ் கோத்தாரி என்பவருக்கு 1996-ல் ஒரு யோசனை தோன்றியது: தொலைக்காட்சியில் சினிமாப் பாட்டு ஓடும்போது, அதே மொழியிலேயே வரிகளையும் கீழே காட்டினால் என்ன? பாடப் பாட எழுத்து நிறம் மாறும். கண் தானாகப் பின்தொடரும். எளிய விஷயம்தான். கதைக்கும் அதுவே வழி. மடியில் புத்தகம், வரியின் கீழ் விரல், காதில் குரல்.

கதை தயாரிக்கிறவர்களிடம் எனக்கு இன்னொரு மனஸ்தாபமும் உண்டு. மூச்சு விட இடம் வைப்பதில்லை. நரி ஓடினால் மேளம், நின்றால் வீணை! ஒரு கேள்வி கேட்டுவிட்டு ஐந்து விநாடி சும்மா இருந்தால் குடி முழுகிவிடுமா?

வீட்டிலே நீங்களே கதை சொல்லுங்கள் என்று எழுதிவிடுவது எனக்குச் சுலபம். பகலெல்லாம் தீப்பெட்டியோடு மல்லாடிவிட்டு வருகிற தாயிடம் அதைச் சொல்ல எனக்கு நா எழவில்லை. அவளுக்கு இந்தச் செல்போன் வேண்டியதுதான். அதனால்தான் அது இன்னும் நன்றாக இருக்க வேண்டும் என்கிறேன்.

அன்று நானே கதையை நடுவில் நிறுத்தி, "நரி இப்ப எங்கே போகும்?" என்றேன்.

குழந்தை என்னை ஏற இறங்கப் பார்த்தது. "கம்மங்காட்டுக்குள்ள போயிரும் மாமா. அங்க போனா ஒருத்தருக்கும் தெரியாது" என்றது.

செல்போனிலிருந்த நரி ஆற்றங்கரைக்குப் போயிருந்தது. நாங்கள் அதைத் தேடிப் போகவில்லை.