நீலகண்டனின் வாரிசுகள்

நம் ஆண்டு மலருக்கு எழுதச் சொல்லிச் செயலாளர் மூன்று முறை கூப்பிட்டுவிட்டார். மூத்தோர் சொல்லைத் தட்டும் பழக்கம் நம் திரைப்படக் கழகத்தில் இல்லை.

புரட்சியைத் திரைக்குக் கொண்டுவந்த பரம்பரைகளை உறுப்பினர்களுக்கு நான் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. சத்யஜித் ராயின் 'பிரதித்வந்தி' (1970) நாயகன், நிலவில் கால்வைத்ததைவிட வியட்நாமே பெரிது என்று நேர்காணலில் சொல்லி வேலையைக் கோட்டைவிடுகிறான். அவனுடைய நக்சல் தம்பியைக் கேமரா சற்றுத் தள்ளி நின்றே பார்க்கிறது. மிருணாள் சென் 'பதாதிக்'கில் (1973) தலைமறைவு இளைஞனை வசதியான ஒரு ஃபிளாட்டில் ஒளித்துவைத்து, கட்சித் தலைமையையே அவன் கேள்வி கேட்கும்படி செய்தார். இருவருக்கும் நம்மில் ஆள் உண்டு, சண்டை ஓயவில்லை.

என் கட்சி வேறு. கழகத்தின் 16 எம்.எம். புரொஜக்டரைத் தவிர வேறெதற்கும் குனியாத எங்கள் ஆசான், எங்களை இயக்குநர் ரித்விக் கட்டக் வழியில் வளர்த்தார். 'ஜுக்தி தக்கோ ஆர் கப்போ'வில் (1974) குடித்துச் சீரழிந்த அறிவுஜீவி நீலகண்டனாகக் கட்டக்கே நடித்தார். காட்டில் நக்சல் இளைஞர்களோடு ஓர் இரவு வாதாடிவிட்டு, விடியலில் போலீஸ் குண்டுக்குப் பலியாகிறான் நீலகண்டன். புரட்சியைப் படமெடுப்பவன் முதலில் தன்னைக் கூண்டிலேற்ற வேண்டும். ஆசானின் பாடம் அவ்வளவுதான். புனேயில் கட்டக்கிடம் படித்த ஜான் ஆபிரகாமுக்கு அது தெரிந்திருந்தது. 'அம்ம அறியான்' (1986) எடுக்க, ஒடெஸ்ஸா என்ற திரைக்குழுவின் நண்பர்கள் ஊர் ஊராகப் படம் காட்டி, மக்களிடமே பணம் திரட்டினார்கள். இறந்த தோழனின் தாய்க்குச் செய்தி சொல்ல வயநாட்டிலிருந்து கொச்சிக்குப் போகிறான் புருஷன்; வழியெல்லாம் நண்பர்கள் சேர்கிறார்கள். அத்தனை பேரும் கடைசியில் போய் நிற்பது ஒரு தாயின் முன்னால்! அடூரின் 'முகாமுகம்' (1984) பற்றி இங்கே வேண்டாம்; துணைத்தலைவர் மனம் புண்படும்.

இன்று சிலர் எடுக்கும் புரட்சிப் படங்களில் செங்கொடி மெதுவாக அசைகிறது, பின்னணியில் வயலின் அழுகிறது, எடுத்தவர்மீது மட்டும் ஒரு கீறலும் விழுவதில்லை. பெயர் சொல்ல மாட்டேன். நம் மேடையில் பொன்னாடை பெற்றவர்களும் அவர்களில் உண்டு. எனக்கே பார்வை மங்கிவிட்டதோ என்னவோ.

ஆனால் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். இத்தனை சீரழிவுக்கும் மூலம், படம் முடிந்தபின் நடக்கும் விவாதம் செத்ததுதான். ஆசான் காலத்தில் ரீல் மாற்றும் நேரத்தில்கூட வாய்ச்சண்டை நடக்கும். வாட்ச்மேன் சாவிக்கொத்தை ஆட்டியபின்தான் கலைவோம். கலைந்தும் டீக்கடையில் தொடர்வோம். சைக்ளோஸ்டைல் குறிப்புத்தாளில் ஓர் எழுத்துப்பிழை வந்தால் மறு மாதம் திருத்தம் வரும். இப்போது தாளும் இல்லை, பிழை பார்க்க ஆளும் இல்லை. விளக்கு எரிவதற்குள் பாதி நாற்காலி காலி. சென்ற மாதம் 'பதாதிக்' போட்டோம். கேள்வி உண்டா என்று கேட்டேன். ஒரே ஒரு கை உயர்ந்தது. வண்டி நிறுத்துமிடத்தை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள் என்று கேட்டார்.